கூரைக்காது

அந்தச் சுரங்க ஊரில் வெள்ளைத் துணி என்று ஒன்று கிடையாது. துவைத்துக் கொடியில் போட்டதுதான் தாமதம், கரித்தூள் பறந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். காய்ந்து எடுக்கும்போது எல்லாம் ஒரே சாம்பல் நிறம். "ஏன் பிள்ளைங்களா, சட்டைய வீட்டுல துவைக்கவே மாட்டாங்களா?" என்று வந்த புதிதில் கேட்ட டீச்சரின் சேலையே அடுத்த மாதம் சாம்பலாகிவிட்டது. அதோடு கேள்வியும் நின்றது. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். யாருக்கு ரொம்பக் கறுப்பு என்று பிள்ளைகள் போட்டியே வைப்பார்கள். சீ என்று யாரும் முகம் சுளித்ததில்லை. எல்லார் மூக்கும் ஒரே மூக்குதானே.

அந்தப் போட்டியில் எப்போதும் முன்னால் நிற்பவள் வாயாடி. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் லைன் வீடுகளில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத பெண். பத்து வயசுக்கு அவள் பேசிய பேச்சை நாலு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம். அவள் வாய் அடைத்துப்போன கதைதான் இது.

அவள் அப்பாவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கூரைக்காது.

பூமிக்குள்ளே கரி வெட்டி எடுத்த இடத்தில் மேலே இருக்கிற பாறைதான் கூரை. அதை மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். அது விழுவதற்கு முன்னால் சத்தம் போடும். கட்டை முனகும், பொடிக்கல் உதிரும், உள்ளே எங்கேயோ 'டப்' என்று ஒன்று தெறிக்கும். அதைத்தான் 'கூரை பேசுது' என்பார்கள். காதில் வாங்கியவன் முதலில் "பேசுது!" என்று கத்த வேண்டும், அப்புறம்தான் ஓட வேண்டும். கேட்டவன் ஏன் எதற்கு என்று நிற்காமல் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். சுரங்கத்தில் சின்ன ஆள் பெரிய ஆள் எல்லாருக்கும் இது ஒன்றுதான் சட்டம்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அப்பா கத்தினார். அத்தனை பேரும் விழுந்தடித்து ஓடினார்கள். ஒருத்தன் தூக்குவாளியை நசுக்கினான், ஒருத்தன் சகதியில் குப்புற விழுந்தான், மேஸ்திரி ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். காத்திருந்து காத்திருந்து பார்த்தார்கள். ஒரு கல்கூட விழவில்லை. கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கத்தினார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

அவ்வளவுதான். ஊருக்குக் கேட்கவா வேண்டும்! டீக்கடையில் பெஞ்சு கிரீச்சிட்டால் "பேசுது! பேசுது!" என்று நாலு பேர் எழுந்து ஓடுவார்கள். "கூரை பேசல மச்சான், உன் வயிறு பேசியிருக்கும்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் விழுந்தால்கூடப் பையன்கள் வாயாடியைப் பார்த்து "பேசுது!" என்றார்கள். எல்லாருக்கும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவளுக்கு இதற்கு மட்டும் பதில் வரவில்லை. காது மடல் சூடாகி உட்கார்ந்திருப்பாள்.

சிரிக்காத ஆள் ஒருத்தர்தான். அடுத்த வீட்டு நெட்டை மாமா. அப்பாவுக்கு உள்ளே ஜோடி ஆள். அவர் உயரத்துக்கு அந்தச் சுரங்கம் சரிப்பட்டே வராது. பாதி நாள் நெற்றியில் ஒரு புடைப்போடுதான் ஏறி வருவார். "சிரிக்கிறவன் சிரிக்கட்டும் மச்சான்," என்பார். "என் தலை முட்டி முட்டியே கூரைக்கு நான் செவிடாயிட்டேன். உன் காத நம்பித்தான் உள்ள உக்காந்திருக்கேன்."

ஆனால் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மா மேலே சலிப்புக் கொட்டகையில் கரியிலிருந்து கல் பொறுக்குகிற வேலை பார்த்தாள். கூட வேலை செய்கிற பெண்கள் நாள் முழுக்க அவளிடம்தான் கேலி பேசுவார்கள். அன்றைக்குக் காலையில் அப்பா கிளம்பும்போது தூக்குவாளியை நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இங்க பாருங்க. இனிமே உள்ள என்ன கேட்டாலும் வாய மூடிக்கிட்டு இருங்க."

"கேட்டாக்கூடயா?"

"கேட்டாக்கூடத்தான். எல்லார் காதுலயும் விழாதது உங்க காதுல மட்டும் என்னத்துக்கு விழுது? நாலு பேரு முன்னாடி என்னால தலை தூக்க முடியல."

அப்பா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார். வாயாடி தலை வாரிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அம்மா சொன்னது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது.

சங்கு ஊதியபோது பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம். ஷிப்ட்டுக்கு ஊதுகிற சங்கு ஒரு தரம் ஊதி நின்றுவிடும். இது நிற்கவில்லை. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். போங்க என்று அவள் சொல்வதற்குள் பிள்ளைகள் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

சுரங்க வாசலில் ஊரே திரண்டு நின்றது. விளக்கு அறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை அங்கே கொடுத்துவிட்டுத்தான் தலைவிளக்கு வாங்குவான். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொள்வான். ஆணியில் வில்லை தொங்கினால் ஆள் கீழே என்று அர்த்தம். சங்கு ஊதியதும் எல்லாரும் ஏறி அவரவர் வில்லையை வாங்கிவிட்டார்கள். தேடி இறங்கியவர்களை விட்டால் அப்பாவுடையது மட்டும்தான் தொங்கியது.

கூரை விழுந்தது அப்பாவும் நெட்டை மாமாவும் வெட்டுகிற இடத்தில். மாமா கரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளிப்பக்கம் போயிருந்தார். பக்கத்தில் வெட்டுகிறவர்கள் டீ குடிக்க நகர்ந்திருந்தார்கள். தப்பித்தார்கள். திரும்பிப் பார்த்தால் பாதையே இல்லையாம், பாறையாய்க் கிடந்ததாம். மாமா மேலே வந்தவர் விளக்கைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. மேஸ்திரி தடுக்கத் தடுக்க, கடப்பாரையை எடுத்துக்கொண்டு மூணு பேரோடு திரும்ப இறங்கிவிட்டார்.

"நான்தான்டி சொன்னேன்," அம்மா வாயாடியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. "வாய மூடிக்கிட்டு இருங்கன்னு நான்தானே சொன்னேன். கேட்டிருக்கும்டி அவருக்கு. கேட்டும் கத்தாம நின்னிருப்பாரு. பாவி நான் சொன்னேனே!"

நெட்டை மாமாவின் பெண்டாட்டி, வாயாடிக்கு அத்தை, அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது. இவரு போயிருக்காருல்ல, இழுத்துட்டு வந்துடுவாரு. பிடிச்சா விடுற ஆளா இவரு?"

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போயி போர்வை எடுத்துட்டு வா. அந்தப் பெருசு," என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாதா என்ன.

வாயாடி அழுதுகொண்டே ஓடினாள். லைன் வீடுகளில் ஒரு ஈ, காக்கை இல்லை. கதவு எல்லாம் திறந்தது திறந்தபடி கிடந்தது. அவள் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குளித்திருந்தார். தலை ஈரமாக இருந்தது. முகம் பளிச்சென்று, ஞாயிற்றுக்கிழமை முகமாய் இருந்தது. வாளியில் வேலைத் துணியைச் சோப்புப் போட்டு ஊற வைத்திருந்தார். ஒருநாளும் வீட்டுக்கு வராத தலைவிளக்கு மூலையில் கிடந்தது.

"அப்பா!" என்று போய் விழுந்தாள். தட்டு உருண்டது. "அப்பா, ஏறிட்டீங்களா! எப்பப்பா ஏறுனீங்க?"

"ஏய், மெதுவா. வயிறு சரியில்ல, அதான் பாதியில வந்துட்டேன். சங்கு எதுக்கு இந்த ஊது ஊதுறான்? யாருக்கு என்னாச்சு?"

"உங்களுக்குத்தான்ப்பா! கூரை விழுந்துடுச்சு. நீங்க வெட்டுற எடத்துல. நீங்க உள்ள மாட்டிக்கிட்டீங்கன்னு தோண்டுறாங்க!"

அப்பா எழுந்து நின்றார். அந்த முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை. வாயாடி அதைத் தன் கண்ணால் பார்த்தாள். சந்தோஷம்.

"விழுந்துடுச்சா? நெசமாவா? பாத்தியா! நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல!"

"யாருகிட்டப்பா சொன்னீங்க?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அப்பா மெதுவாக உட்கார்ந்தார்.

"கேட்டுச்சும்மா," என்றார். "நல்லாவே கேட்டுச்சு. கத்தலாம்னு வாயைத் தொறந்தேன். சிரிப்பானுங்களேன்னு இருந்துச்சு. இன்னொரு தரம் சிரிச்சா என்னால தாங்க முடியாதுன்னு... பேசாம பழைய காத்துவழியில புகுந்து மேல வந்துட்டேன். ஒண்ணும் விழாதுன்னுதான் நெனச்சேன். விழலன்னா யாருக்கும் தெரியாதுல்ல?"

"மாமா உங்களத் தேடி உள்ள போயிருக்காரு."

"யாரு, நெட்டையா?" அப்பா முகத்தை மூடிக்கொண்டார்.

"வாங்கப்பா, போலாம். அம்மா அழுதுகிட்டிருக்கு. உங்களப் பாத்தா எல்லாரும் ஏறிடுவாங்க. வாங்க!"

கையைப் பிடித்து இழுத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவேன்? குளிச்ச மூஞ்சிய வெச்சுக்கிட்டா? கூட இருந்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம ஓடிவந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தான்னு சொல்லுவாங்கம்மா. சாகுற வரைக்கும் சொல்லுவாங்க. உன்னையும் சொல்லுவாங்க."

உன்னையும் என்றதும் வாயாடியின் கை தளர்ந்தது. சாக்பீஸ் விழுந்ததற்கே அந்தச் சிரிப்பு. இதற்கு?

அப்பா அடுப்படியைப் பார்த்தார். அங்கே கரிவாளி இருந்தது. அடியில் எப்போதும் தூள் தங்கியிருக்கும். ஊறவைத்த துணியைப் பிழிந்து மாட்டிக்கொண்டு, தூளை அள்ளி முகத்தில், கழுத்தில், கையில் பூசினார். பிறகு சட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் முதுகைத் திருப்பினார். "எட்டல. தேய்ச்சு விடு."

தேய்த்தாள். ஈர முதுகில் கரி திட்டுத் திட்டாக ஒட்டியது.  நன்றாக ஒட்ட வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கூடத் தேய்த்தாள். நேரே ஓடிப்போய் "அப்பா வீட்டுல இருக்காரு" என்று கத்தியிருந்தால் போதும். கத்துவதற்கென்றே பிறந்த வாய் அது. அந்த நேரத்தில் அதில் ஒரு சத்தம் வரவில்லை.

"நீ ரோட்டு வழியா முன்னால போ. நான் காத்துவழிப் பக்கமா சுத்தி வர்றேன். எதுவும் சொல்லாத, என்ன?"

போர்வையை அணைத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் வாசலை நெருக்கிக்கொண்டு நின்றது. உள்ளே மறுபடி கொஞ்சம் சரிந்துவிட்டதாம். யாரையோ தூக்கி வருகிறார்களாம். தூக்கி வந்த பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்ததுமே யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த ஊரில் அவ்வளவு நீளம் வேறு யாருக்கும் இல்லை. இன்னொரு காலைச் சாக்கால் சுற்றியிருந்தார்கள். அத்தை "ஐயோ" என்று ஒரு தரம்தான் சொன்னாள். வாயாடி கொண்டுவந்த போர்வையை யாரோ பிடுங்கி அவர்மேல் போர்த்தினார்கள்.

அப்போதுதான், பழைய காத்துவழி வெளியே திறக்கிற புதர்ப் பக்கத்திலிருந்து அப்பா விளக்கோடு தடுமாறிக்கொண்டு வந்தார்.

"ஏறிட்டான்டா! கூரைக்காது ஏறிட்டான்டா!" ஆண்கள் கத்திய கத்தலில் சங்குச் சத்தமே அமுங்கிப்போனது. தூக்கினார்கள், கட்டிக்கொண்டார்கள், மேஸ்திரி அழுதேவிட்டார். அப்பா பலகைப் பக்கத்தில் விழுந்து "மாப்ள, மாப்ள" என்று நெட்டை மாமாவைக் கட்டிப் பிடித்தார். மாமா கண்ணைத் திறந்து சிரித்தார். "வந்துட்டியா மச்சான்," என்றார்.

அம்மா ஓடிவந்து அப்பாவின் முகத்தை இரண்டு கையிலும் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள்.

தினமும் ஏறி வருகிற முகத்தைத் தேய்த்துவிடுகிறவள் அவள். வேலை செய்த முகத்தில் வியர்வை கோடு போட்டிருக்கும், கண் ஓரத்தில் கரி மை போல இறங்கியிருக்கும், நகக்கண் அடைத்திருக்கும். இந்த முகத்தில் அது ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே சோப்பு வாசனை. கம்பெனிக் கடையில் விற்கிற, ஊர் முழுக்க எல்லா வீட்டிலும் இருக்கிற அதே சோப்பு. அம்மாவின் அழுகை பட்டென்று நின்றது. திரும்பி வாயாடியைப் பார்த்தாள். வாயாடி தன் உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராக ஓர் அடி பின்னால் போனார்கள். அவர்களும் தினமும் முகம் தேய்த்துவிடுகிறவர்கள்தான். அத்தை தலையை நிமிர்த்தி அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, புருஷன் பக்கம் குனிந்துகொண்டாள்.

மாமாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆண்களுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியவில்லை என்றுதான் வாயாடி நினைத்தாள். கூரைக்காது என்ற பேரை இப்போது அவர்கள் மரியாதையாகச் சொன்னார்கள். "இவன் காதை நம்பாம நாம சிரிச்சோம் பாரு" என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவரோடு ஜோடி சேர ஆளாளுக்குப் போட்டி. வகுப்பில் டீச்சர் வாயாடியை முன்னால் கூப்பிட்டு, "உங்கப்பா எப்படித் தப்பிச்சு வந்தாருன்னு எல்லாருக்கும் சொல்லு," என்றாள். அவள் எழுந்து நின்று, "தொண்டை கட்டிடுச்சு டீச்சர்," என்றாள். அது அதற்கப்புறம் சரியாகவே இல்லை.

பெண்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழாயடிக்கு அம்மா போனால் சத்தமில்லாமல் விலகி வழி விட்டார்கள். முன்னால் அங்கே அவளும் குடத்தால் இடித்துச் சண்டை போட்டவள்தான். இப்போது யாரும் அவளோடு சண்டை போடவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து, "பழைய மாதிரி சிரிச்சாக்கூடத் தேவலடி," என்றாள். அப்பாவிடம் சண்டையும் போடவில்லை அவள். அன்றைக்குக் காலையில் வாயை மூடச் சொன்னவள் அவள்தானே. அதற்குப் பிறகு அப்பா முகத்தை அவள் தேய்த்துவிட்டதில்லை. தண்ணீரை மட்டும் எடுத்து வைப்பாள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நெட்டை மாமா கட்டிலை வீட்டு முன்னால் போடச் சொல்லிவிட்டார். சாயங்காலம் அப்பா ஏறி வருவதைப் பார்த்தால் கையை ஆட்டிக் கூப்பிடுவார்.

"வா மச்சான். உக்காரு. சொல்லு, உள்ள எப்படி இருந்துச்சு?"

அப்பா சொல்ல வேண்டும். கூரை விழுந்ததும் விளக்கு அணைந்தது, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போனது, இடுப்பளவு தண்ணீரில் நடந்தது, தூரத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது, "நீ தட்டுறேன்னு தெரிஞ்சுதான் மாப்ள எனக்கு உசிரே வந்துச்சு" என்பது வரை சொல்ல வேண்டும். போகிறவர் வருகிறவர் நின்று கேட்பார்கள். டீ எடுத்துக்கொண்டு கூடப் போகிற வாயாடியும் கேட்பாள். அத்தை வாசற்படிக்கு உள்ளே, அடுப்புப் பக்கம் திரும்பியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். மறுநாளும் அதே கட்டில், அதே கதை. தப்பித்துக்கொள்ள அப்பா ஒருநாள் வேறு வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தார். மாமா ஒரு பையனை அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் கட்டிலை உள்ளே போட்டிருந்தார்கள். வெளியாள் யாரும் இல்லை. "சொல்லு மச்சான்," என்றார் மாமா. அப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். 

"என்னால முடியல மாப்ள."

"ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நான் உள்ளயே இல்ல." தலையைத் தூக்காமல் சொன்னார். "கூரை பேசுச்சு. கத்தாம ஓடியாந்துட்டேன். நீ என்னைத் தேடுறப்ப நான் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டிருந்தேன் மாப்ள. குளிச்சிட்டுச் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். என்னைச் செருப்பால அடி."

அத்தை அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. வாயாடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாமா போர்வையை இழுத்து, கால் இல்லாத இடத்தில் சரி பண்ணினார். வாயாடி வீட்டுப் போர்வைதான் அது. அம்மா திரும்பக் கேட்கவே இல்லை.

"தெரியும் மச்சான்," என்றார்.

அப்பா நிமிர்ந்தார்.

"கட்டிப் பிடிச்சியே அன்னிக்கு. காலுதான் போச்சு, மூக்கு இருந்துச்சுல்ல? எங்க வீட்லயும் அந்தச் சோப்புதான்."

"தெரிஞ்சா... தெரிஞ்சுக்கிட்டா தெனமும் என்னைச் சொல்லச் சொன்னே? பழி வாங்குறியா மாப்ள?"

"அட போடா, பழி வாங்கி நான் என்ன செய்யப் போறேன்?" மாமாவின் குரல் உடைந்தது. "போறவன் வர்றவன் எல்லாம் கேக்குறான், காலு எப்படிப் போச்சுன்னு. நான் என்ன சொல்லட்டும்? வீட்டுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தவனைத் தேடப் போயி போச்சுன்னா? நான் தேடிப் போனப்ப நீ உள்ள இருந்தே. எனக்கு நீ உள்ளதான் இருந்தே. சுவத்துல காத வெச்சேன், நீ மொனகுறது எனக்குக் கேட்டுச்சு மச்சான். நெசமாவே கேட்டுச்சு. அதை எங்க கொண்டுபோய்ப் போடுறது?"

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமா அழவிட்டார். பிறகு கையை நீட்டி அவர் முழங்காலில் தட்டினார்.

"சொல்லு. நல்லாச் சொல்லு."

அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டார். 

"விளக்கு அணைஞ்சு போச்சு," என்று ஆரம்பித்தார். "கண்ணு முன்னால கைகூடத் தெரியல. அப்படியே இடது பக்கச் சுவரைத் தடவிக்கிட்டு..."

"நேத்து வலது பக்கம்னு சொன்னீங்கண்ணே," என்றாள் அத்தை. அடுப்பைப் பார்த்தபடிதான் சொன்னாள். "ஒரு பக்கமாச் சொல்லுங்க. நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க."